பின்னால் நின்ற தவுக்கே

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. காற்பந்துப் பயிற்சிக்குப் போன என் பேரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். பத்து வயது. வழக்கமாக வாசலிலேயே காலணியை உதறிவிட்டுக் குளிர்பெட்டியைத் திறப்பவன், அன்று காலணியோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

“என்னய்யா ஆச்சி?”

“கோச் என்னைப் பின்னால போட்டுட்டாரு, தாத்தா.”

அவன் சட்டையின் முதுகில் 7 என்ற எண் இருந்தது. ரொனால்டோவின் எண். இரண்டு வருடமாக அந்தச் சட்டையைத் துவைக்கக் கொடுப்பதற்கே வீட்டில் சண்டை நடக்கும். இப்போது அந்தச் சட்டையோடு தற்காப்பில் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

“பின்னால நின்னா கோல் அடிக்க முடியாது. யாரும் வீடியோ எடுக்க மாட்டாங்க” என்றான். கண் கலங்கியிருந்தது.

நான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. கைப்பேசியை அவன் கையில் கொடுத்து, தன் நாட்டுக்காக அதிக ஆட்டங்கள் ஆடியவர்களின் பட்டியலைத் தேடச் சொன்னேன். ரொனால்டோ பெயரைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. விரலால் மெல்லக் கீழே தள்ளிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

“தாத்தா, இதுல மலேசியா இருக்கு!”

சோ சின் ஆன். மலேசியா. 195 ஆட்டங்கள்.

“இவர் எத்தனை கோல் அடிச்சாரு?”

“அவரு கோல் அடிக்கிறவரு இல்லய்யா. பின்னால நின்னவரு.”

அன்று அவனிடம் பாதிக் கதைதான் சொன்னேன். பத்து வயதுக்கு அது போதும். மீதியை இங்கே எழுதுகிறேன்.

யார் இந்தத் தவுக்கே?

ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. இளையோருக்காகச் சொல்கிறேன். 1950ஆம் ஆண்டு பிறந்த சோ சின் ஆன், 1969இல் தேசியக் குழுவுக்குள் நுழைந்தார். 1984 வரை மலேசியாவுக்கு ஆடினார். ஒன்றல்ல, இரண்டல்ல, பதினைந்து ஆண்டுகள். ஃபிஃபாவின் கணக்கில் 195 ஆட்டங்கள். அந்தக் கணக்கில் சேராத ஆட்டங்களையும் கூட்டினால் 200ஐத் தாண்டும்.

சிலாங்கூர் குழுவிலும் தேசியக் குழுவிலும் தற்காப்பின் தலைவர் அவர்தான். அதனால் ‘தவுக்கே’ என்று பட்டப்பெயர். முதலாளி என்று பொருள். கடையில் தவுக்கே கல்லாவில் உட்கார்ந்தபடி கடை முழுவதையும் கண்ணால் நடத்துவார் இல்லையா, அதுபோல இவர் பின்னால் நின்று ஆட்டத்தை நடத்துவார்.

அந்தக் காலத்தில் தற்காப்பில் ‘சுவீப்பர்’ என்று ஓர் இடம் உண்டு. இப்போது அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. முன்னால் ஒருவர் எதிரணியின் தாக்குதல் ஆட்டக்காரரை ஒட்டியே நிற்பார். மோதுவார், தலையால் முட்டுவார், விழுவார், எழுவார். நம் குழுவில் அந்த வேலை சந்தோக் சிங்கினுடையது. அவரையும் தாண்டி வருகிற பந்தை, பின்னால் யாரையும் ஒட்டாமல் நிற்கும் சுவீப்பர் கூட்டித் தள்ள வேண்டும். பெயரிலேயே பெருக்குகிற வேலைதான் இருக்கிறது.

கேட்பதற்கு எளிது. ஆனால் சுவீப்பருக்குப் பின்னால் கோல் காவலர் ஒருவர் மட்டுமே மிச்சம். பந்து எங்கே இருக்கிறது என்று பார்த்து ஓடினால் தாமதம். அடுத்து எங்கே வரும் என்று முன்பே கணித்து அங்கே போய் நிற்க வேண்டும். சரியாகக் கணித்துவிட்டால் அங்கே எதுவுமே நடக்காது. பார்ப்பவர்களுக்கு அவர் சும்மா நின்ற மாதிரிதான் தெரியும். தவறாகக் கணித்தால் நாடு முழுக்க அவர் பெயரைச் சொல்லித் திட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1992க்கு முன்பு, தன் குழுவினர் காலால் தள்ளிவிடும் பந்தைக் கோல் காவலர் கையால் எடுக்கலாம். அதனால் நெருக்கடி வரும்போதெல்லாம் சின் ஆன் பந்தைத் தனக்குப் பின்னால் நிற்கும் ஆர். ஆறுமுகத்திடம் தள்ளிவிடலாம். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கிய அதே ஆறுமுகம். ஒரு சீனர், ஒரு பஞ்சாபியர், ஒரு தமிழர் என்று அமைந்த அந்த முக்கோணத்தை உடைத்துக்கொண்டு போவது ஆசியாவில் யாருக்கும் சுலபமாக இருக்கவில்லை.

இவ்வளவுக்கும் அவர்கள் இன்றைய பொருளில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர். நம் நாட்டில் பகுதித் தொழில்முறை லீக் 1989இல்தான் தொடங்கியது. முழுத் தொழில்முறை 1994இல் வந்தது. சின் ஆன் தேசியச் சட்டையைக் கழற்றியது 1984இல். இன்றைய ஆட்டக்காரர்களின் சம்பளத்தில் ஒரு பங்குகூட அந்தத் தலைமுறை பார்த்ததில்லை.

தோட்டத்துத் திடலில் ஒரு பேக்

எனக்கு அவர் பெயரைச் சொன்னவர் என் அப்பா.

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். காலை ஐந்தரைக்குப் பெரட்டு. மதியம் வரை மரம் வெட்டு, பால் எடுப்பு. மாலை நாலரைக்குக் கோயிலுக்குப் பக்கத்துத் திடலில் காற்பந்து. அப்பா தோட்டத்துக் குழுவில் பேக். உயரமானவர் இல்லை. வேகமானவரும் இல்லை. ஆனால் அவர் இருக்கும் பக்கம் பந்து வராது. ஏன் வராது என்று எனக்குச் சின்ன வயதில் புரியவில்லை. அப்பா அந்தப் பக்கம் நிற்பதால்தான் வரவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

எனக்கோ மொக்தார் டஹாரிதான் தெய்வம். 1975இல் இங்கிலாந்தின் அர்செனல் குழு கோலாலம்பூருக்கு வந்தபோது மலேசியா 2-0 என்று வென்றது. இரண்டு கோலும் மொக்தார் அடித்தவை. தோட்டத்தில் அதையே மாதக்கணக்கில் பேசினார்கள். லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் மொக்தார் ஆனோம்.

அப்பா ஒரு நாள் கேட்டார்: “ரெண்டு ரெண்டுன்னு சொல்றீங்களேடா, அந்தச் சைபர வாங்கிக் குடுத்தவன் எவன்னு யாராவது சொல்றீங்களா?”

நாங்கள் சிரித்துவிட்டு ஓடிவிட்டோம்.

அவர் தவுக்கேயின் கணக்கை வேறு மாதிரி வைத்திருந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கை அடிக்கடி சொல்வார். மலேசியா முதன்முதலாக ஒலிம்பிக் காற்பந்துக்குப் போன ஆண்டு அது. சின் ஆனுக்கு 22 வயது. முதல் ஆட்டமே போட்டியை நடத்திய மேற்கு ஜெர்மனியோடு. பின்னாளில் உலகக் கிண்ணத்தை வென்ற ஊலி ஹோனஸ் அந்த ஜெர்மானியக் குழுவில் இருந்தார். மூன்று கோலில் தோற்றோம். அடுத்து அமெரிக்காவை 3-0 என்று வென்றோம். கடைசியில் மொரோக்கோவிடம் 6-0 என்று நொறுங்கினோம்.

“ஆறு வாங்கிட்டு வந்தவன் அடுத்த வருஷம் வீட்டுல உக்காந்துட்டானா? இல்லையே” என்பார் அப்பா. 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியாவுக்கு வெண்கலம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வடகொரியாவை 2-1 என்று வென்றோம். 1977இலும் 1979இலும் சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் நின்றவர் தவுக்கே.

1980, ஏப்ரல் 6

அன்று ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. மூங்கிலில் கட்டிய ஏரியலைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் வெளியே. உள்ளே தோட்டமே இருந்தது. எனக்கு 14 வயது. மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியாவும் தென்கொரியாவும். வென்றவர்களுக்கு மாஸ்கோ ஒலிம்பிக்.

1-1. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கொரியர்கள் ஓயவே இல்லை. மண்டபத்தில் பேச்சு நின்று போயிருந்தது. கடைசிக் கட்டத்தில் ஹசான் சானி கொண்டுவந்து தள்ளிய பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் அடித்தார். 2-1.

அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பது சத்தம் மட்டும்தான். நாற்காலிகள் கவிழ்ந்தன. கிராணி ஐயாவை யாரோ தூக்கிவிட்டார்கள். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவருக்குக் காற்பந்தில் ஒன்றும் தெரியாது.

அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உக்காருங்கடா. ஆட்டம் இன்னும் முடியல. இப்பத்தான் தவுக்கேக்கு வேல.”

மிச்சமிருந்த அந்த நிமிடங்களில் மண்டபத்தில் அவர் ஒருவர்தான் ஆட்டத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஊதல் ஒலித்த பிறகுதான் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வேர்வைதானா என்று நான் கேட்கவில்லை.

போகாத மாஸ்கோ

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தன. அதைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றில் ஒன்று. நம் இடத்தில் ஈராக் போனது. போய்க் காலிறுதி வரை முன்னேறியது.

ஜூலையில் மாஸ்கோவில் தீபம் ஏற்றப்பட்டது. அந்த ஜூலையில் சின் ஆனுக்கு 30 வயது. தற்காப்பு ஆட்டக்காரருக்கு அது நல்ல வயது. உடம்பில் தெம்பு இருக்கும், அனுபவமும் சேர்ந்திருக்கும். அடுத்த ஒலிம்பிக் நாலு வருடம் கழித்து. அப்படி ஒரு குழு மறுபடி அமையுமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இன்று தெரியும். 1980க்குப் பிறகு இன்றுவரை மலேசியா ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை.

அந்த ஆண்டு சிலாங்கூருக்கும் ஓர் அடி விழுந்தது. மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் அதே மெர்டேக்கா அரங்கத்தில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்றது. சிங்கப்பூருக்காக வெற்றிக் கோலை அடித்தவர் பதின்ம வயதைத் தாண்டாத ஃபாண்டி அமாட். சிங்கப்பூர் வாசகர்கள் இதைப் படித்துச் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள். அந்தக் கோல் அதற்குத் தகுதியானதுதான்.

புறக்கணிப்புச் செய்தி வந்தபோது நான் கொதித்துப் போனேன். “எல்லாம் வீணாப் போச்சு” என்று கத்தினேன். அப்பா வாசலில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“ஜெயிச்சிட்டானுங்க இல்ல? அது ஒரு கணக்கு. போகாதது வேற கணக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போடாத.”

அன்று அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் முழுதாக ஏற்கவில்லை. ஒருவர் வாழ்நாளெல்லாம் உழைத்துத் திறந்த கதவை வேறு யாரோ சாத்துவது நியாயமே இல்லை. ஆனால் கதவு சாத்தப்பட்ட பிறகு சின் ஆன் என்ன செய்தார் என்று பார்க்கிறேன். மறுபடி பயிற்சிக்குப் போனார். 1981இலும் 1982இலும் சிலாங்கூர் மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1984 வரை தேசியக் குழுவில் அதே இடத்தில் நின்றார்.

நான் விட்டுவிட்டுப் போன இடம்

இனி எழுதப் போவதை என் பேரனிடம் சொல்லவில்லை.

1982. எனக்கு 16 வயது. தோட்டங்களுக்கு இடையிலான இளையோர் போட்டியின் இறுதியாட்டம் எங்கள் திடலில். என்னைச் சுவீப்பராகப் போட்டிருந்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. பேக்கின் மகன் பேக் என்று பயல்கள் கேலி செய்தார்கள்.

1-1. ஆட்டம் முடியப் போகிற நேரம். பந்து என் காலுக்கு வந்தது. முன்னால் வெற்றிடம். தோட்டமே ஓரத்தில் நிற்கிறது. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளும் நிற்கிறார்கள். நான் மொக்தார் ஆகிவிட்டேன். ஒருவனைத் தாண்டினேன். இன்னொருவனையும் தாண்டினேன். மூன்றாமவன் பந்தைப் பறித்து நீளமாக ஓர் உதை விட்டான்.

திரும்பிப் பார்த்தேன். நான் நிற்க வேண்டிய இடத்தில் புல் மட்டும் இருந்தது. அவர்களுடைய ஃபார்வர்ட் தனியாக ஓடிக்கொண்டிருந்தான்.

2-1 என்று தோற்றோம். கோல் காவலராக நின்ற என் நண்பன் அழுதான். என்னை யாரும் அடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டார், படுத்தார்.

மறுநாள் விடியற்காலை பெரட்டுக்குக் கிளம்பும்போது, நான் விழித்திருப்பது தெரிந்து பாய் அருகே வந்து நின்றார்.

“நீ நல்லாத்தான் ஓடுன. ஆனா நீ ஓடுனத நான் பாக்கல, தம்பி. நீ விட்டுட்டுப் போன எடத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

விளக்கை எடுத்துக்கொண்டு இருட்டில் இறங்கிப் போனார்.

பல வருடம் அதை ஒரு திட்டாகவே மனதில் வைத்திருந்தேன். எனக்குப் பிள்ளைகள் பிறந்து, வீட்டுக் கடன், பள்ளிச் செலவு, மருத்துவச் செலவு என்று வந்த பிறகுதான் அப்பாவின் ஆட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வயதுக்காரர்கள் சிலர் நல்ல சம்பளம் தேடிச் சிங்கப்பூருக்கும் பட்டணத்துக்கும் போனார்கள். அப்பாவையும் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. படுக்கையில் பாட்டி. ஐந்து பிள்ளைகள். என் தங்கை பள்ளியை விட்டு நிற்கவில்லை. என் தம்பி பதின்மூன்று வயதில் மரம் வெட்டப் போகவில்லை. எங்கள் வீட்டு வாசலில் வட்டிக்காரன் வந்து நிற்கவில்லை. தொண்ணூறுகளில் தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, தலைக்கு மேல் கூரை இல்லாமல் நாங்கள் ஒரு நாள்கூட இருக்கவில்லை.

இவையெல்லாம் நடக்கவில்லை. நடக்காததை யார் படம் பிடிப்பார்கள்?

ஓலா போலா

2016இல் அந்த 1980 குழுவின் கதையைத் தழுவி ‘ஓலா போலா’ படம் வந்தது. சியூ கெங் குவான் இயக்கியது. அப்பாவுக்கு அப்போது 78 வயது. காது மந்தம். திரையரங்குக்கு அழைத்துப் போனேன். படத்தில் தமிழ்க் கோல் காவலரின் குடும்பம் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். படம் முடியும்வரை விடவில்லை.

வெளியே வந்ததும், “ஆறுமுகம் நெனப்பு வந்துருச்சி” என்றார். ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்தார். மொக்தார் 1991இல் நோயில் போனார், 37 வயதில். அந்தத் தலைமுறையின் இரண்டு பெரிய பெயர்கள் அவ்வளவு சீக்கிரம் போய்விட்டன.

சுற்றி நின்ற இளைஞர்கள் அந்தக் கடைசிக் கோலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தவுக்கே சொகமா இருக்காரா?” என்று கேட்டார், பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பது போல. “இருக்காருப்பா” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து அப்பா காலமானார். நாங்கள் ஆடிய திடலில் இப்போது வரிசை வீடுகள். கோயில் மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது.

சென்ற சனிக்கிழமை பேரனின் ஆட்டத்துக்குப் போனேன். முதுகில் அதே 7. ஆனால் பின்னால் நின்றான். முதல் பாதியில் பந்து அவன் பக்கம் இரண்டு தடவைதான் வந்தது. ஒன்றை வெளியே உதைத்தான். இன்னொன்றைத் தவறவிட்டு, விழுந்து, எழுந்து துரத்திப் பிடித்தான். மற்றபடி இங்கும் அங்கும் நகர்ந்துகொண்டே இருந்தான். ஆட்டம் 0-0 என்று முடிந்தது.

பெற்றோர்கள் கைப்பேசிகளை உள்ளே வைத்தார்கள். படம் பிடிக்க அங்கே எதுவும் நடக்கவில்லை.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தான்.

“தாத்தா, என்னைப் பாத்தீங்களா?”

“பாத்தேன்யா. உன்னை மட்டுந்தான் பாத்தேன்.”

உண்மையாகவே பந்து எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டம் முழுவதும் அவன் நின்ற இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.